வீட்டுக்குப் பின்னால் சரிவு: தண்ணீர் முதலில், செடி அப்புறம்

கேள்வி: சிங்கப்பூரில் புக்கிட் தீமா பக்கம் ஒரு பழைய தரை வீட்டை வாங்கிக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. பின்பக்கம் சுமார் 12 மீட்டருக்கு நிலம் சரிந்து இறங்குகிறது; மேலுக்கும் கீழுக்கும் 4 மீட்டர் வித்தியாசம். அடியில் வேலி, அதற்கு அப்பால் வடிகால். டிசம்பர் மழையில் சிவப்பு மண் கரைந்து வேலி வரைக்கும் போய்விட்டது. பிப்ரவரியில் புல் காய்ந்து கருகியது, தினமும் ஹோஸ் பிடித்தோம், தண்ணீர்க் கட்டணம் ஏறியதுதான் மிச்சம். ஒரு காண்ட்ராக்டர் சரிவை மூன்று படியாக வெட்டி, சுவர் எழுப்பி, கறுப்பு மண் கொட்டி, தானாக இயங்கும் ஸ்பிரிங்ளர் போட்டு ஆறு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். நடுவில் நிற்கும் பெரிய மரத்தையும் எடுத்துவிடச் சொல்கிறார். எனக்கு அதிகம் தண்ணீர் கேட்காத, பல வருடம் நிலைக்கிற தோட்டம் வேண்டும். என் மாமியாருக்கு வாழை, முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகை வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வணக்கம். காண்ட்ராக்டருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுக்காதீர்கள். சுவரே கூடாது என்று நான் சொல்லவில்லை, சில சரிவுகளுக்குச் சுவர் இல்லாமல் முடியாது. ஆனால் உங்கள் அளவை வைத்துப் பார்த்தால் மூன்றுக்கு ஒன்று இறக்கம், ஏறக்குறைய 18, 19 பாகை. ஆள் கைப்பிடி இல்லாமல் ஏறி இறங்கலாம். தண்ணீரை ஒழுங்காக வழிநடத்தினால் இந்த அளவு சரிவை வேர்களே பிடித்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால் ஒரு தடவை நீங்களே இறங்கிப் பாருங்கள். சரிவின் மேல் விளிம்பில் குறுக்காக வெடிப்பு ஓடுகிறதா, வேலிக் கம்பங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, மழை இல்லாத நாளிலும் அடியில் ஈரம் கசிகிறதா, எங்காவது மண் வயிறு தள்ளி நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தோட்டக்காரரைக் கூப்பிடும் கட்டம் இன்னும் வரவில்லை, பதிவுபெற்ற பொறியாளரைக் கூப்பிடுங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கொட்டிய மழையில் இந்தத் தீவில் பல சரிவுகள் சரிந்தன, 2021 செப்டம்பரில் கிளமெண்டியில் கால்வாயை ஒட்டிய மண் இறங்கியது. சிங்கப்பூரில் மலையே இல்லை என்று நாம் சொல்லிக்கொள்வோம், சரி, நம்முடைய மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டருக்குள்தான், ஆனால் நனைந்த களிமண் இறங்குவதற்கு 4 மீட்டர் உயரம் தாராளமாகப் போதும்.

அறிகுறி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இங்கே வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. உங்களுக்குத் தண்ணீர் பற்றாக்குறை கிடையாது. மழை வருகிற விதம்தான் சிக்கல். நாற்பது நிமிடத்தில் கொட்டித் தீர்க்கும், பிறகு பிப்ரவரியில் வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட பகுதி வந்ததும் வாரக்கணக்கில் சொட்டு விழாது. 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சி நினைவிருக்கும். ஆகவே உங்கள் தோட்டம் இரண்டையும் தாங்க வேண்டும், டிசம்பர் வெள்ளத்தையும் மூன்று நான்கு வார வறட்சியையும்.

இணையத்தில் சரிவுத் தோட்டம் என்று தேடினால் கலிபோர்னியா, ஆஸ்திரேலியா வீடியோக்கள்தான் முதலில் வரும். சரிவுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டு, மழை நீரை அதில் நிறுத்து, மண்ணுக்குள் இறக்கு என்பார்கள். அவர்கள் ஊரில் பெய்வது கொஞ்சம், அங்கே அது சரி. இங்கே அதை அப்படியே செய்யாதீர்கள். புக்கிட் தீமா வட்டாரத்தில் அடியில் இருப்பது கருங்கல், அது மட்கி உண்டான சிவப்புக் களிமண் மேலே ஆழமாகக் கிடக்கிறது. கொஞ்சம் காய்ந்திருக்கும்போது அந்த மண் இறுக்கமாக நிற்கும், துளைகளெல்லாம் நீர் நிரம்பினால் பிடிப்பை விட்டுவிடும். சரிவின் தலையில் நீரைத் தேக்கி உள்ளே இறக்குவது அந்தப் பிடிப்பை நாமே அவிழ்ப்பதற்குச் சமம். இங்கே தண்ணீரின் வேகத்தைக் குறைக்க வேண்டும், அகலமாகப் பரப்ப வேண்டும், மிஞ்சியதை வடிகாலுக்கு அழைத்துப் போக வேண்டும். தேக்கக் கூடாது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: தொடங்க வேண்டிய இடம் சரிவு இல்லை, கூரை. அடுத்த பெருமழையில் குடையோடு பின்பக்கம் போய் நில்லுங்கள் (இடி இல்லாத நேரமாகப் பார்த்து). கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, வீட்டைச் சுற்றியுள்ள சின்ன வடிகால் எங்கே நிரம்பி வழிகிறது, எந்த மூலையிலிருந்து சரிவுக்குள் பாய்கிறது என்று பாருங்கள், கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பழைய தரை வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான்: அந்தச் சின்ன வடிகாலில் இலை அடைத்துக்கொண்டு, கூரையின் மொத்த மழையும் ஒரே இடத்தில் வழிந்து சரிவில் இறங்கும். 80 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர். அது ஒரே வழியில் இறங்கினால் எந்தப் புல்லும் நிற்காது. நீங்கள் சொல்கிற சிவப்பு மண் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம். அந்தச் சின்ன வடிகாலைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் அகலப்படுத்தி, தண்ணீரைப் பக்கவாட்டில் வீட்டு வடிகாலோடு சேர்த்துவிடுங்கள். காண்ட்ராக்டர் சொன்ன வேலையில் இது இல்லவே இல்லை, கவனித்தீர்களா?

அவருடைய மற்ற யோசனைகளையும் பார்த்துவிடலாம். படி வெட்டுவது என்றால் ஒவ்வொரு படிக்கும் சரிவின் காலை, அதாவது அடிப்பகுதியை, வெட்டுகிறோம், மேலே உள்ள மண்ணைத் தாங்குவது அந்தக் கால்தான். வெட்டிய பிறகு சுவர் தாங்கும், உண்மை, ஆனால் சுவருக்குப் பின்னால் நீர் வடிய ஜல்லியும் துளைக்குழாயும் வைக்காவிட்டால் சில வருடத்தில் அது வயிறு தள்ளும். நில மட்டத்தை மாற்றுவதற்கும் தடுப்புச் சுவருக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டட, கட்டுமான ஆணையம் ஆகியவற்றின் விதிகள் இருக்கின்றன, "சின்னச் சுவர்தானே" என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வேலை நடக்கும்போது பொது வடிகாலுக்குள் சேற்று நீர் போவதும் குற்றம், லிட்டருக்கு 50 மில்லிகிராம் மண் என்பதுதான் வரம்பு. இன்னொன்று, வேலி வரைக்கும் உங்கள் நிலம்தானா என்று அளவை வரைபடத்தில் உறுதிசெய்யுங்கள். சரிவின் கடைசிப் பகுதி அரசு நிலமாகவோ வடிகாலுக்கு ஒதுக்கியதாகவோ இருந்தால் அங்கே கேட்காமல் எதுவும் நடக்கூடாது.

கறுப்பு மண் வேண்டவே வேண்டாம். களிமண் மேல் லாரி லாரியாகக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது, முதல் பெருமழையில் வழவழப்பான தரையில் விரித்த ஜமுக்காளம் மாதிரி நழுவிவிடும். நடுகிற குழிக்குள் மட்டும் இருக்கிற மண்ணோடு மக்கிய உரம் கலந்து போடுங்கள், மற்ற இடத்தில் இலைச் சருகு மேலிருந்து மக்கி மண்ணை மெல்ல மெல்ல மாற்றட்டும். இதற்கு வருடங்கள் ஆகும், வேறு வழி இல்லை. ஸ்பிரிங்ளரும் வேண்டாம், சரிவில் அது பாய்ச்சுவதில் பாதி மண்ணுக்குள் போகாமல் வழிந்து ஓடும்.

பெரிய மரம்: எடுக்காதீர்கள். புக்கிட் தீமாவின் பல பகுதிகள் 1991-இல் அறிவிக்கப்பட்ட மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் வருகின்றன. அதற்குள் இருந்தால், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தை, உங்கள் நிலத்திலேயே நின்றாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. சட்டத்தை விடுங்கள், வெட்டினால் சரிவுக்கு உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்று. வேர்கள் மண்ணுக்குள் மெதுவாக அழுகி, சில வருடம் கழித்துப் பிடிப்பு போன பிறகுதான் மண் நகரத் தொடங்கும், அப்போது யாருக்கும் மரம் நினைவிருக்காது. மரநல நிபுணரைக் கூப்பிட்டுக் காய்ந்த கிளைகளை எடுத்து எடையைக் குறைக்கச் சொல்லுங்கள். அதன் நிழல் பிப்ரவரியில் உங்களுக்கு எவ்வளவு தண்ணீரை மிச்சப்படுத்துகிறது என்று அப்புறம் தெரியும்.

இனி செடிகள். நர்சரிக்குப் போகும் முன் ஒரு சனிக்கிழமை காலை கெண்ட் ரிட்ஜ் பூங்காவுக்குப் போய் வாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் குன்றுகளில் காட்டை அழித்துக் கம்பீரும் (தோல் பதனிடப் பயன்பட்ட சாறு தரும் செடி) மிளகும் பயிரிட்டார்கள். கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும், அதற்கும் காட்டையே வெட்டினார்கள். சில வருடத்தில் மண் செத்துப்போனதும் கைவிட்டுவிட்டு அடுத்த குன்றுக்கு நகர்ந்தார்கள். அப்படிக் கைவிட்ட, சத்தில்லாத, புளிப்பேறிய மண்ணில் யாரும் நடாமலேயே முளைத்த ஒரு கூட்டம் உண்டு: தியூப் தியூப் மரம், பெரிய இலையும் மஞ்சள் பூவுமாக நிற்கும் சிம்போ ஆயர், ஊதாப் பூ பூக்கும் செண்டுடோக், தரையை மூடிப் படரும் ரெசாம் பெரணி. யாரும் அவற்றுக்கு ஹோஸ் பிடிக்கவில்லை, உரம் போடவில்லை. உங்கள் வீட்டுச் சரிவும் அதே மாதிரி ஏழை மண்தான். அந்த மண்ணுக்குப் பழகிய செடியை நட்டால் பாதி வேலை குறையும். ரெசாமை மட்டும் தோண்டி எடுத்து நடப் பார்க்காதீர்கள், பிடிக்காது. பூங்காவிலிருந்து எடுப்பதும் தவறு.

இதை ஆறு வாரத்தில் செய்ய முடியாது. என் கணக்கில் ஐந்து வருடம்.

முதல் வருடம் தண்ணீர் வேலையும் மண்ணை மூடுகிற வேலையும் மட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை சரிவில் மண்ணைக் கிளறவே கூடாது. ஏப்ரல், மே மாதங்கள்தான் நல்ல நேரம், பிற்பகலில் இடியோடு மழை அடிக்கடி வரும், வேர் பிடிக்க டிசம்பருக்கு முன் ஏழெட்டு மாதம் கிடைக்கும். தென்னை நார் வலையை மேலிருந்து கீழாக விரித்து, மர முளை அடித்து இறுக்குங்கள். ஓரிரண்டு வருடத்தில் அதுவே மட்கிவிடும், அதற்குள் செடி மூடியிருக்கும். வலையில் ஓட்டை போட்டு, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டிவேர் வரிசைகள் நடுங்கள். வரிசைக்குள் செடிக்குச் செடி 10 முதல் 15 சென்டிமீட்டர். நெருக்கமாக நட்டால்தான் வேலி மாதிரி நின்று தண்ணீரைத் தடவித் தடவி விடும், மண் மட்டும் வரிசைக்குப் பின்னால் தங்கும். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டர் போதும், ஆக உங்களுக்கு மூன்று வரிசை. ஒரே மட்டம் என்பதைக் கண்ணளவில் போடாதீர்கள், கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாய், அதுவே போதும். வரிசை ஒரு பக்கம் தாழ்ந்தால் தண்ணீர் முழுக்க அந்த மூலைக்கு ஓடி அங்கே புதுப் பள்ளம் பறிக்கும். வெட்டிவேர் நல்ல இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் இறங்கும், ஆனால் வெயில் வேண்டும், உங்கள் பெரிய மரத்தின் நிழலில் அது மெலிந்து போய்விடும். அங்கே வெற்றிலை இனத்தைச் சேர்ந்த டாவுன் கடுக் படரவிடுங்கள், நிழலைத் தாங்கும், இலையைச் சமையலுக்கும் பறிக்கலாம். வெயில் படும் இடைவெளிகளில் மஞ்சள் பூ பூக்கும் படர் நிலக்கடலை நல்லது, தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். வெடேலியா என்கிற படர்செடியை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அப்புறம் மற்ற எதையும் வாழ விடாது.

இரண்டாவது, மூன்றாவது வருடங்களில் புதர்கள்: செண்டுடோக், இட்லிப்பூ, இடம் இருந்தால் ஒரே ஒரு சிம்போ ஆயர், ஏனென்றால் அது ஆள் உயரத்தைத் தாண்டி அகலமாக விரியும். சின்னதாக வாங்குங்கள். பெரிய தொட்டிச் செடி நட்ட அன்றைக்குப் படம் எடுக்க அழகாக இருக்கும், ஆனால் சின்னக் கன்றுதான் சரிவில் சீக்கிரம் வேர் விட்டு, கொஞ்ச காலத்தில் அதை எட்டிப் பிடித்துவிடும். நான்காவது வருடத்துக்குள் நிழல் கூடியிருக்கும், வெயில் செடிகள் சில தோற்கும், அவற்றை எடுத்துவிட்டு நிழல் செடி வையுங்கள். அதற்குப் பிறகு வேலை பெரும்பாலும் கத்தரிக்கோல் வேலைதான்.

தண்ணீர் பாய்ச்சுவது பற்றி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஹோஸ் பிடித்ததுதான் உங்கள் புல்லைக் கெடுத்தது, மேலே நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். ஹோஸ் தோராயமாக நிமிடத்துக்கு 15 லிட்டர் விடும், அரை மணி நேரம் பிடித்தால் 450 லிட்டர், நம்மில் மூன்று பேர் ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிற தண்ணீர். புதுச் செடிக்கு முதல் சில வாரம் அடிக்கடி, அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை, காலையில், ஆழமாக. சரிவானதால் ஒரே மூச்சில் ஊற்றாமல் கொஞ்சம் விட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி விடுங்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டால் வெட்டிவேர் வரிசையை ஒட்டிக் குறுக்காக ஓட்டுங்கள், மேலிருந்து கீழாக ஓட்டினால் அடியில் உள்ள செடி குளிக்கும், மேலே உள்ளது காயும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்றைக்கு விடுமுறை. புதர் நட்ட இடங்களுக்கு இரண்டு வருடம் இப்படிப் பார்த்துக்கொண்டால் போதும், பிறகு பிப்ரவரி, மார்ச்சில் தொடர்ந்து பத்துப் பதினைந்து நாள் மழை இல்லாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். செடியைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் சருகு போடுங்கள், தண்டைத் தொடாமல், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி. சுவரை ஒட்டிப் போட்டால் கறையான் வரும்.

மழைநீர்த் தொட்டி வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள், நீங்களும் யோசிப்பீர்கள். 200 லிட்டர் பீப்பாய் 80 சதுர மீட்டர் கூரையில் இரண்டரை மில்லிமீட்டர் மழைக்கே நிரம்பிவிடும், 20 சதுர மீட்டர் புதுச் செடிக்கு இரண்டு மூன்று நாளில் காலியாகிவிடும். 1,000 லிட்டர் தொட்டி என்றால் வறண்ட காலத்தில் பன்னிரண்டு நாள் ஓட்டலாம், அது உருப்படியானது. ஆனால் காசு மிச்சம் என்று மட்டும் வாங்காதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தண்ணீர் மாதம் 40 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு, அதாவது ஒரு தொட்டித் தண்ணீரின் விலை அவ்வளவுதான், தொட்டிக்குப் போட்ட பணம் திரும்ப எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தொட்டியைச் சரிவின் விளிம்பில் வைக்காதீர்கள், நிரம்பினால் ஒரு டன் எடை. குடிநீர்க் குழாயோடு இணைக்கக் கூடாது. மூடி, கொசு வலை இரண்டும் கட்டாயம். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து பார்ப்பது இருக்கட்டும், டெங்கி உங்கள் வீட்டில்தான் முதலில் வரும். அதே காரணத்துக்காக, இலைக்கு நடுவில் நீர் தேக்கும் பிரமிலியாட் வகைகளும் வேண்டாம், பூந்தொட்டிக்கு அடியில் தட்டும் வேண்டாம்.

மாமியாரின் பட்டியலுக்கு வருகிறேன், அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை, இடம்தான் முக்கியம். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் காலடியில் நீர் நிற்கக் கூடாது, வெயில் வேண்டும், ஆகவே சரிவின் மேல்பகுதி அவற்றுக்குச் சொந்த ஊர். முருங்கையை இரண்டு மீட்டருக்கு மேல் விடாதீர்கள், கிளை எளிதில் முறியும், அடிக்கடி வெட்டினால் கீரையும் கைக்கெட்டும். மல்லிகையை வீட்டு ஓரமாகச் சமதரையில், அவர் எட்டிப் பறிக்கிற உயரத்தில் வையுங்கள், பூ பறிக்க அவரைச் சரிவில் இறங்க வைக்காதீர்கள்.

வாழை நிறையத் தண்ணீர் கேட்கும், வேரும் ஆழம் போகாது, ஆகவே நடுச் சரிவில் வேண்டாம். அடியில், வேலிக்குச் சற்று முன்னால் ஈரம் சேரும் இடத்தில், உங்கள் நிலம்தான் என்று உறுதியான பிறகு, ஒரே ஒரு கன்று நடலாம். ஒரு விஷயம் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: உங்கள் பக்கம் குரங்குகள் உண்டு, பழம் பழுக்கிற வாசனைக்கு அவை குடும்பத்தோடு வரும், வழி பழகிவிட்டால் சமையலறை வரைக்கும் வரும். அதனால் தாரைப் பழுக்கவிடாமல் காயாகவே வெட்டிவிடுங்கள். இலையும் பூவும் தண்டும் காயும் அவருக்கு. பழம் மட்டும் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.